ஹாட் ரோலிங்கில் தகட்டின் தலை முதல் பாஸ்களில் கீழே, கடைசி பாஸ்களில் மேலே வளைகிறது. காரணம் எங்கே?

தகடுப்பணி எழுதியது:

வணக்கம். இரண்டு வாரமாக இதே தலைவலி, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது முன்னும் பின்னும் ஓடும் ரிவர்சிங் பிளேட் மில்; ரோல்களுக்கிடையே ஒருமுறை போவது ஒரு பாஸ். தகட்டை நேரடியாக அழுத்தும் வொர்க் ரோலின் விட்டம் சுமார் 1000 மி.மீ. ஸ்லாப் (உருட்ட வேண்டிய எஃகுக் கட்டி) 220 மி.மீ. தடிமனில் உலையிலிருந்து வரும், 1200 டிகிரியை ஒட்டி. முடிவில் 26 மி.மீ. தகடாக வெளியேற வேண்டும். முதல் நான்கைந்து பாஸ்களில் தகட்டின் தலை, அதாவது முன்முனை, லேசாகக் கீழே குனிந்து, ரோலர் டேபிளின் முதல் உருளையில் டமார் என்று மோதும். இது வெகுநாளாக இருந்தது. டேபிள் பேரிங்குகள் அடிக்கடி போகின்றன என்பதால், கீழ் ரோலின் வேகத்தை மேல் ரோலை விட 2 சதவீதம் கூட்டி வைத்தோம். குனிவது குறைந்தது.

ஆனால் இப்போது கடைசி மூன்று பாஸ்களில் தலை மேலே எழும்புகிறது. போன வாரம் ஒரு தகடு, தண்ணீர் பீய்ச்சி ஆக்சைடு செதிலை உதிர்க்கும் டீஸ்கேலர் ஹெட்டரிலேயே போய் இடித்தது. ஷிஃப்டுக்கு ஒருவர் ஒரு காரணம் சொல்கிறார்கள். உலை என்கிறார் ஒருவர், ரோல் என்கிறார் இன்னொருவர். ஒரே ஸ்லாப் எப்படி இரண்டு பக்கமும் வளையும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உலைமேடை எழுதியது:

என் ஓட்டு உலைக்குத்தான். மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் அதைவிடக் குளிராகவும் இருந்தால், மேல்பக்கம் இளகி அதிகம் நீளும். அதிகம் நீண்ட பக்கம் வெளிவளைவில் போகும், குளிர்ந்த பக்கம் உள்வளைவில் நிற்கும். அதனால் தலை கீழே குனியும். உங்கள் முதல் பாஸ்களில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

கீழ்ப்பக்கம் ஏன் குளிர்கிறது என்றால், ஸ்லாப் உலைக்குள் தண்ணீர் ஓடும் ஸ்கிட் குழாய்களின் மேல் கிடக்கிறது. குழாய் இருக்கும் இடத்தில் கீழிருந்து வரும் வெப்பம் மறைந்துபோகும். அதற்கு மேல் கீழ் பர்னர்களின் எரிப்பும் பல உலைகளில் மேல் பர்னர்களுக்கு இணையாக இருப்பதில்லை. உற்பத்தி அவசரத்தில் ஸ்லாப் உள்வரை சமமாகச் சூடேற உலையில் ஊறும் நேரத்தைக் குறைத்தால் முதலில் அடிபடுவது கீழ்ப்பக்கமும் நடுவும்தான்.

10 டிகிரி என்ன பெரிய விஷயம் என்று பலர் கேட்பார்கள். 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் சாதாரண எஃகுக்கு 10 டிகிரி வித்தியாசம் என்றால் உருமாற்றத்துக்கான எதிர்ப்பு ஏறத்தாழ 2, 3 சதவீதம் மாறும். மேலுக்கும் கீழுக்கும் 30, 40 டிகிரி வித்தியாசம் இருக்கும் ஸ்லாப்பை உருட்டிவிட்டு, நேராக வரவில்லையே என்று ரோலைத் திட்டிப் பயனில்லை.

பழையமில் எழுதியது:

உலைமேடை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் தம்பி, கடைசி பாஸ்களில் மேலே எழும்புவதை உலை எப்படி விளக்கும்? உலையில் வந்த வித்தியாசம் நேரம் போகப்போக ஓரளவு சமமாகும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மில்லில் உண்டாவது. டீஸ்கேலர் தண்ணீரும் ரோல் குளிர்விக்கும் தண்ணீரும் மேல்பக்கம் தேங்கி நிற்கும், கீழ்ப்பக்கம் பட்டவுடன் வழிந்து விழும். அப்படித் தேங்கினால் மேல்பக்கம்தான் குளிரும், தலை மேலே எழும்பும். மேலே தண்ணீரைத் துடைக்கும் வைப்பரோ பக்கவாட்டு ஸ்பிரேயோ சரியாக வேலை செய்கிறதா, பாருங்கள்.

இன்னொரு கேள்வி. தலை மேலே எழும்புவது போகும்போதா, வரும்போதா, இரண்டு திசையிலுமா? இதை யாரும் குறித்து வைப்பதில்லை. ரிவர்சிங் மில்லில் இது பெரிய சாட்சி. மேல் கீழ் வெப்ப வித்தியாசமும் ரோல் விட்டமும் எந்தத் திசையில் ஓடினாலும் அதேதான். வளைவு ஒற்றைப்படை பாஸ்களில் மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து டேபிள் உயரம், அந்தப் பக்கத்து கார்டு (தகட்டை வழிநடத்தும் தடுப்பு), அந்தப் பக்கத்து ஸ்பிரே, இவற்றில் ஒன்று என்று பாதி வேலை முடிந்துவிடும்.

தகடுப்பணி எழுதியது:

உண்மையைச் சொல்கிறேன் ஐயா, திசையைக் குறித்து வைக்கவில்லை. நாளை முதல் குறிக்கிறேன். கடைசி பாஸ் போகும் திசையில் முடிவதால் அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம்.

கணக்குநோட்டு எழுதியது:

ஒரே ஸ்லாப் எப்படி இரண்டு பக்கமும் வளையும் என்று கேட்டீர்கள். கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் எளியது. மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நீட்சியில் 0.3 சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் என்பது தடிமனை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் கிடைப்பது. 198 மி.மீ. தடிமனில் ஆரம் 66 மீட்டர், 2 மீட்டர் நீளத் தலை 30 மி.மீ. விலகும். அதே 0.3 சதவீதம் 26 மி.மீ. தடிமனில் வந்தால் ஆரம் 8.7 மீட்டருக்குக் குறையும், அதே 2 மீட்டர் தலை 230 மி.மீ. எழும்பும். ஆக, தடிமனான பாஸில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம், மெல்லிய பாஸில் ஹெட்டரை இடிக்கும். முதல் பாஸ்களில் குனிவது உங்களுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறது என்றால் அங்கே நீட்சி வித்தியாசம் பெரியது என்று பொருள். கடைசி பாஸ்களில் இருப்பது மிகச் சிறியதாக இருக்கலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். ரோல் தகட்டைத் தொடும் வில்லின் நீளத்தை ரோல் ஆரத்தையும் டிராஃப்டையும் (ஒரு பாஸில் குறையும் தடிமன்) பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக் கணக்கிடுவோம். அதைச் சராசரித் தடிமனால் வகுத்தால் வருவது வடிவ விகிதம். 220லிருந்து 198க்கு வரும் பாஸில் தொடும் நீளம் சுமார் 105 மி.மீ., சராசரித் தடிமன் 209, விகிதம் 0.5. 30லிருந்து 26க்கு வரும் பாஸில் தொடும் நீளம் சுமார் 45, சராசரித் தடிமன் 28, விகிதம் 1.6. இந்த இரண்டும் வேறு வேறு உலகங்கள். 0.5இல் ரோலின் அழுத்தம் மேற்பரப்பை ஒட்டியே பெரும்பாலும் நீட்டும், நடு கிட்டத்தட்ட இழுபட்டுக் கிடக்கும். 1.6இல் முழுத் தடிமனும் ஒன்றாக நகரும்.

இதனால்தான் வேக வித்தியாசம் தரும் வளைவின் திசை, விகிதத்தைப் பொறுத்துத் தலைகீழாகக் கூட மாறும். வேகமான ரோலின் பக்கம் அதிகம் நீளும், அதனால் தகடு மெதுவான ரோலை நோக்கித் திரும்பும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சில பாஸ்களில் அப்படியே நடக்கும், சில பாஸ்களில் எதிராக நடக்கும். ஆகவே எல்லாப் பாஸ்களுக்கும் ஒரே 2 சதவீதம் என்று பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பாஸுக்கு மருந்தானது இன்னொரு பாஸுக்கு நோயாகலாம்.

ஒரு சின்ன வருத்தமும் உண்டு. கார்மன் 1925இல் எழுதியது, ஓரோவான் 1943இல் எழுதியது, சிம்ஸ் 1954இல் எழுதியது என்று நாம் வகுப்பில் படித்த உருட்டல் கோட்பாடுகள் எல்லாம் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்று என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. உருட்டு விசையும் முறுக்கு விசையும் அழகாகக் கிடைக்கும். ஆனால் வளைவு என்ற கேள்வியே அவற்றுக்குள் நுழைய முடியாது. அதனால்தான் புதிதாக வரும் பொறியாளர்கள் இதை அனுபவத்துக்கு விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

உலைமேடை எழுதியது:

கணக்குநோட்டு, 30 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் உள்ள ஒப்பீட்டை அச்செடுத்து எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டப்போகிறேன். நன்றி.

மோட்டார்அறை எழுதியது:

மின்சாரப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஏன் தலை மட்டும் வளைகிறது, உடல் நேராக இருக்கிறது? ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும்: தலைக்குப் பிடிமானம் இல்லை, பின்னால் வருவதை எடையும் டேபிளும் சேர்ந்து நேராக்கிவிடுகின்றன. இன்னொரு காரணம் மோட்டாரில் இருக்கிறது.

மேல் ரோலுக்கும் கீழ் ரோலுக்கும் தனித்தனி மோட்டார் உள்ள மில்களில், தகடு கடிபடும் நொடியில் இரண்டு மோட்டாரும் சுமை பட்டு ஒரு சறுக்கு சறுக்கும். வேகம் விழுந்து மீண்டும் ஏறும். இரண்டும் ஒரே அளவு விழுந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று ஆழமாக விழுந்து மெதுவாக மீண்டால், அந்த அரை நொடிக்கு ரோல்களுக்கிடையே வேக வித்தியாசம் இருக்கும். தகடு நொடிக்கு 2 மீட்டர் போனால் அரை நொடி என்பது சரியாகத் தலையின் முதல் ஒரு மீட்டர். நீங்கள் 2 சதவீதம் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள், கடிபடும் நேரத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று டிரெண்டில் (பதிவான வேக வரைபடத்தில்) விரித்துப் பார்த்தீர்களா? மோட்டாரிலிருந்து ரோலைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் இணைப்பில் தேய்மானத்தால் ஆட்டம் இருந்தாலும் ஒரு ரோல் மற்றதைவிடத் தாமதமாகவே சுமையை எடுக்கும்.

ரோல் விட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1000 மி.மீ. ரோலில் மேலுக்கும் கீழுக்கும் 2 மி.மீ. விட்ட வித்தியாசம் இருந்து, சுழற்சி ஒன்றாக இருந்தால், பரப்பு வேகத்தில் 0.2 சதவீதம் வித்தியாசம். தனி மோட்டார் உள்ள இடத்தில் ரோல் ஷாப் தந்த விட்டத்தைச் சரியாக உள்ளிட்டால் டிரைவ் அதைச் சரிசெய்துகொள்ளும். தவறான விட்டத்தை உள்ளிட்டால் யாருக்கும் தெரியாமல் வேக வித்தியாசத்தோடு ஓடும். இதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மேல் ரோல் எண்ணும் கீழ் ரோல் எண்ணும் இடம் மாறிப் பதிவாகியிருந்தது, ஒன்பது நாள் யாரும் கவனிக்கவில்லை.

அலுமினியப்பக்கம் எழுதியது:

நான் எஃகு ஆள் இல்லை, அலுமினியம். எங்கள் ஸ்லாப் 500 டிகிரியை ஒட்டித்தான், ஆக்சைடு செதில் தொல்லை உங்களைப் போல இல்லை. ஆனால் எண்ணெய்-நீர் கலவையைக் குளிர்விக்கவும் வழுக்கவும் இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம். மேல் முனைகளில் ஒன்றிரண்டு அடைத்துக்கொண்டால் உராய்வு ஒரு பக்கம் மாறும், தலை உடனே சொல்லிவிடும். எஃகில் ஒரு பக்கம் மட்டும் செதில் சரியாக உதிராமல் இருந்தாலும் இதுபோல் உராய்வு மாறும் என்று நினைக்கிறேன்.

கணக்குநோட்டு சொன்ன சிறிய வடிவ விகிதத்தில் நடு இழுபடுவது எங்களுக்குப் பழகிய பயம். தடித்த ஸ்லாப்பில் சிறுசிறு டிராஃப்டாக எடுத்தால் தலை நடுவில் பிளந்து முதலை வாய் போலத் திறக்கும். மேல் தாடை மேல் ரோலோடும் கீழ்த் தாடை கீழ் ரோலோடும் போகும். வளைவுக்குப் பயந்து டிராஃப்டை மிகவும் குறைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பழையமில் எழுதியது:

இன்னும் யாரும் பிக்கப் பற்றிப் பேசவில்லையே! எனக்கு இதுதான் முதல் சந்தேகம்.

பிக்கப் என்றால் கீழ் ரோலின் உச்சி டேபிள் உருளைகளின் உச்சியை விட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது. தகடு டேபிளில் கிடந்தபடி வருகிறது. அதன் நடுக்கோடும் ரோல் இடைவெளியின் நடுக்கோடும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு ரோலும் சமமாகக் கடிக்கும். ஒரு தாளில் வரைந்து பாருங்கள், அதற்குப் பிக்கப் சரியாக டிராஃப்டில் பாதி இருக்க வேண்டும் என்று வரும். 22 மி.மீ. டிராஃப்டுக்கு 11 மி.மீ., 4 மி.மீ. டிராஃப்டுக்கு 2 மி.மீ.

கீழ் ரோலின் உயரத்தைப் பாஸுக்குப் பாஸ் மாற்ற வசதியில்லாத மில்லில், ரோல் இடைவெளியை மாற்றும் ஸ்குரூடவுன் மேல் ரோலைத்தான் நகர்த்தும். ஆகவே எந்தப் பிக்கப் வைத்தாலும் சில பாஸ்களில் அது தவறுதான். நடுவில் ஓர் அளவை வைத்துச் சமாளிக்கிறோம். பிக்கப் குறைவாக இருக்கும் பாஸில் தகடு மேலே வந்து மேல் ரோலில் அதிகம் கடிபடும். பிக்கப் அதிகமாக இருக்கும் பாஸில் தகடு தாழ வந்து கீழ் ரோலில் ஏறிக் கடிபடும். நான் வேலை பார்த்த மில்லில் முதல் வகை குனியும், இரண்டாவது வகை எழும்பும். தகடுப்பணி சொல்லும் கதையும் இதே அச்சில்தான் இருக்கிறது, பாருங்கள்.

ரோலை அரைக்க அரைக்க விட்டம் குறையும். அதற்கு ஈடாகக் கீழ் வொர்க் ரோலைத் தாங்கும் பேக்அப் ரோலின் சாக்குக்கு (பேரிங் பெட்டிக்கு) அடியில் ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் உலோகத் துண்டு) வைத்து உயரத்தைச் சரிசெய்வோம். கடைசியாகக் கீழ் ரோல் மாற்றியபோது ஷிம்மை யார் கணக்கிட்டார்கள், அளந்து பார்த்தார்களா? காகிதத்தில் இருப்பதை நம்பாமல் மில் நிற்கும்போது ஸ்டிரெயிட் எட்ஜ் வைத்து இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள் தம்பி.

தகடுப்பணி எழுதியது:

ஐயா, எல்லோருக்கும் பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

60 தகடுகளுக்குப் பாஸ் பாஸாகக் குறித்தோம். எழும்புவது இரண்டு திசையிலும் வருகிறது. அதனால் ஒரு பக்கத்து டேபிளோ ஸ்பிரேயோ இல்லை என்று ஆனது. முதல் பாஸ்களில் குனிவதும் இரண்டு திசையிலும்தான், ஆனால் இரண்டு உலைகளில் ஒன்றிலிருந்து வரும் ஸ்லாப்பில் அது தெளிவாக அதிகம். உலைமேடைக்கு இது மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை நிறுத்தத்தில் பிக்கப் அளந்தோம். 4 மி.மீ. இருக்க வேண்டியது 9 இருந்தது. இரண்டு பக்கமும் அதே 9. கீழ் பேக்அப் ரோலைக் கடைசியாக மாற்றியபோது புதிதாக வந்த ரோல் பழையதைவிடப் பெரிய விட்டம், ஆனால் பழைய ஷிம் அப்படியே கிடந்தது. தேதியைப் பார்த்தால் தலை எழும்பத் தொடங்கிய வாரமும் அதுவும் ஒன்றே. நாங்கள் வேகத்தை 2 சதவீதம் கூட்டியதும் அதே வாரம் என்பதால் எல்லாம் கலந்து குழம்பிவிட்டது.

மோட்டார்அறை சொன்னதையும் டிரெண்டில் பார்த்தோம். கடிபடும்போது இரண்டு மோட்டாரும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுகின்றன. அது காரணம் இல்லை.

கணக்குநோட்டு எழுதியது:

அருமையான வேலை. ஷிம்மையும் வேகத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் இருந்தீர்களா?

தகடுப்பணி எழுதியது:

ஆம், அதில் கண்டிப்பாக இருந்தேன். முதலில் ஷிம் மட்டும். கடைசி பாஸ்களில் எழும்புவது பாதிக்கு மேல் குறைந்தது. இரண்டு நாள் ஓட்டிவிட்டு, கடைசி மூன்று பாஸ்களுக்கு மட்டும் வேக வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கினோம். இப்போது ஹெட்டருக்கு அருகில் கூடப் போவதில்லை. முதல் பாஸ்களில் 2 சதவீதம் அப்படியே இருக்கிறது.

ஆனால் பிக்கப் குறைந்ததால் முதல் பாஸ்களில் குனிவது கொஞ்சம் திரும்ப வந்திருக்கிறது. பேரிங் சத்தம் மீண்டும் கேட்கிறது. இது மனதை உறுத்துகிறது.

பழையமில் எழுதியது:

அதற்கு வேகத்தை இன்னும் கூட்டாதீர்கள். இரண்டு ரோலுக்கும் முறுக்கு விசை சமமில்லாமல் போய் ஒரு ஸ்பிண்டில் மட்டும் எல்லாச் சுமையையும் இழுக்கும். ஸ்பிண்டில் முறிந்தால் பேரிங் செலவெல்லாம் ஒன்றுமில்லை. அதிகமாகக் குனியும் ஸ்லாப் ஒரு உலையிலிருந்துதான் வருகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அங்கே போங்கள்.

இன்னொன்று, தலை குனிகிற பாஸ்களில் டேபிள் பக்கத்தில் ஆட்களை நிற்க விடாதீர்கள். குனிந்த தலை கார்டுக்கு அடியில் நுழைந்தால் தகடு ரோலையே சுற்றிக்கொள்ளும். ஒருமுறை பார்த்தேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நேர்விளிம்பு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு மேலே கீழே இல்லை, பக்கவாட்டில் வளைகிறது. வாழைப்பழம் மாதிரி. இதற்கும் இதே காரணங்கள்தானா?

கணக்குநோட்டு எழுதியது:

அது கேம்பர். உறவினர்தான், ஆனால் வேறு வீடு. அங்கே இடதுக்கும் வலதுக்கும் இடையில் நீட்சி வித்தியாசம். ஸ்குரூ இரண்டும் சமமாக இறங்காதது, மில் ஸ்டாண்டின் இரு பக்கமும் சுமையில் சமமாக விரியாதது, ஸ்லாப் நடுவில் நுழையாதது, உலைக் கதவுப் பக்கம் குளிர்ந்திருப்பது, இவற்றில் தேடுங்கள். 2500 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன் தகட்டில் ஒரு பக்கம் புதிதாக 0.1 மி.மீ. மெலிந்தால் 0.5 சதவீதம். அது முழுதும் நீளமாக மாறினால் வளைவின் ஆரம் 500 மீட்டர், 20 மீட்டர் நீளத் தகட்டின் நடு 100 மி.மீ. விலகும். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

உலைமேடை எழுதியது:

தகடுப்பணி, உங்கள் அந்த உலைக்கு வருகிறேன். தொடாமலே வெப்பம் அளக்கும் பைரோமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மேல்பக்கத்தை மட்டும் பார்க்கும், அதுவும் செதிலோடு சேர்த்து. கீழ்ப்பக்கத்தை அது பார்ப்பதே இல்லை. ஒரே வழி, ஸ்லாப்பில் துளை போட்டுத் தெர்மோகப்பிள் வைத்து, வெப்பம் தாங்கும் பெட்டிக்குள் பதிவுக்கருவியோடு உலை முழுக்க அனுப்புவதுதான். செலவும் வேலையும் இருக்கிறது, ஆனால் ஒருமுறை செய்தால் பல வருட வாக்குவாதம் தீரும். மேல், நடு, கீழ் மூன்று ஆழங்களிலும் வையுங்கள். ஸ்கிட்டுக்கு மேலே வரும் இடத்தில் ஒன்று, இரண்டு ஸ்கிட்டுக்கு நடுவில் ஒன்று.

அதற்குள் ஒரு சின்னச் சோதனை. அந்த உலையிலிருந்து வரும் சில ஸ்லாப்களை மட்டும் ஊறும் மண்டலத்தில் 20 நிமிடம் கூடுதலாக வைத்து உருட்டிப் பாருங்கள். குனிவது குறைந்தால் ஊறல் போதவில்லை. குறையவே இல்லை என்றால் கீழ் பர்னர்கள்.

தகடுப்பணி எழுதியது:

செய்தோம். ஆறு ஸ்லாப். கூடுதல் 20 நிமிடத்தில் குனிவது கொஞ்சம்தான் குறைந்தது. பிறகு பர்னர்களைத் திறந்து பார்த்தால் கீழ் மண்டலத்தில் இரண்டு பர்னர்களின் காற்று வால்வு பாதி மூடிய நிலையில் இறுகிக் கிடக்கிறது. எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்றுகிறார்கள். தெர்மோகப்பிள் ஸ்லாப்புக்கும் அனுமதி கிடைத்துவிட்டது, வால்வு மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கேட்டிருக்கிறேன்.

உலைமேடை எழுதியது:

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கேட்டது மிக நல்லது. கீழ்த் துளையைப் பக்கவாட்டிலிருந்து போடுங்கள், கீழ்ப்பரப்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே இருக்கட்டும். வரைபடம் வந்ததும் இங்கேயே போடுங்கள்.